வேலைச் சந்தை எந்தப் பக்கம் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் வெவ்வேறு சொற்களில் தெரிவித்திருந்தன. வேலைகளின் தன்மை வேகமாக மாறுகிறது, அந்த மாற்றத்தை நமக்கு யார் சொல்வார்கள் என்பதே அந்தக் கவலை. அவற்றிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலைகளில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடுத்த பத்தாண்டில் எந்தப் படிப்புக்கு மவுசு என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. எனக்கு ஜோதிடம் தெரியாது.

கேள்வி: என் மகன் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். உறவினர் ஒருவர் மின்வாகனம்தான் எதிர்காலம் என்கிறார். அடுத்த மாதம் அவரே செமிகண்டக்டர் என்கிறார். யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். நான் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். தனியார் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேலைச் சந்தை மாறுவதை ஒரு தகப்பன் வீட்டிலிருந்தபடியே கவனிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

துறையின் பெயரை விட்டுவிட்டுப் பதவியின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘மின்வாகனத் துறைக்கு ஆள் தேவை’ என்று எந்த நிறுவனமும் விளம்பரம் செய்வதில்லை. குவாலிட்டி இன்ஜினியர், டிசைன் இன்ஜினியர், மெயின்டனன்ஸ் இன்ஜினியர், புரொடக்ஷன் சூப்பர்வைசர் என்றுதான் கேட்கிறார்கள். இவற்றில் மகனுக்குப் பிடித்த இரண்டைத் தேர்ந்தெடுத்து, நௌக்ரி, லிங்க்டுஇன் போன்ற தளங்களிலும், 2015 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் ஆகிய மூன்று ஊர்களுக்கு மட்டும் தேடுங்கள். ஒரு தடவைக்கு முப்பது விளம்பரங்களைப் படித்து, எத்தனை ஆண்டு அனுபவம், என்ன மென்பொருள், எந்த ஊர், சம்பளம் எழுதப்பட்டிருக்கிறதா, விளம்பரம் செய்வது நிறுவனமா, நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியா என்ற ஐந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் இது வெறும் பட்டியலாகத்தான் இருக்கும். நான்காவது மாதம் பக்கங்களைப் புரட்டும்போது, முன்பு மூன்று விளம்பரங்களில் இருந்த ஒரு மென்பொருளின் பெயர் பதினொன்றில் இருப்பது உங்கள் கண்ணிலேயே படும். அந்த மூன்றுக்கும் பதினொன்றுக்கும் இடையில் உள்ளதுதான் சந்தையின் நகர்வு. அதை உங்களுக்கு எந்த வீடியோவும் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிவிடவும் கூடாது. ஒரே காலியிடத்தை ஐந்து கன்சல்டன்சிகள் ஐந்து வாசகங்களில் போடுவது வழக்கம்; ஊர், சம்பளம், பணி விவரம் மூன்றும் ஒத்துப்போனால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள். ஆறு மாதமாக ஒரே விளம்பரம் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்துகொண்டிருந்தால், சேருகிறவர்கள் அங்கே நிற்பதில்லை, அல்லது அவர்கள் உண்மையில் ஆள் எடுக்காமல் விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கிறார்கள் என்று பொருள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரங்களை இயக்கும் சிஎன்சி ஆபரேட்டருக்கு ‘இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயம்’ என்று எழுதுவோம். எடுத்தவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் ஐடிஐ முடித்துவந்த பையன்கள். அனுபவம் என்ற சொல்லைப் போட்டால் வரும் விண்ணப்பங்கள் ஐந்நூறிலிருந்து நூறாகக் குறையும் என்பதற்காகவே அதைப் போட்டோம். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நானூறு பேரை நினைத்தால் இப்போதும் சற்று உறுத்துகிறது. ஆகவே, ஓராண்டு, ஈராண்டு அனுபவம் கேட்கும் விளம்பரங்களுக்கு உங்கள் மகன் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு கேட்டால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மின்வாகனத்தைப் பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா, ஏதர் போன்ற மின் இருசக்கர வாகனத் தொழிற்சாலைகள் வந்த பிறகு அந்த வட்டாரத்தின் விளம்பரங்களில் பேட்டரி பேக், மோட்டார் கன்ட்ரோலர் போன்ற சொற்கள் இடம்பிடித்தன. பெட்ரோல் வண்டியின் பிஸ்டன், கியர்பாக்ஸ், கார்புரேட்டர், சைலன்சர் ஆகியவை மின்வண்டியில் இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், இருக்கை, பிளாஸ்டிக் உறை, சட்டகம் ஆகியவை இரண்டிலும் உண்டு. இயந்திரப் பொறியாளர் ஒருவர் எந்த உதிரிபாகத்தைச் செய்யும் நிறுவனத்தில் சேருகிறார் என்பதைப் பொறுத்தே இந்த மாற்றம் அவருக்கு ஆபத்தாகவோ வாய்ப்பாகவோ அமையும். உறவினர் சொல்லும் ‘எதிர்காலம்’ என்ற சொல்லுக்குள் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

காலத்தையும் கவனியுங்கள். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் தீபாவளி போனஸ் கைக்கு வந்த பிறகுதான் பலர் வேலை மாறுவார்கள். அலுவலக வேலைகளில் ஏப்ரலையொட்டி வரும் ஊதிய உயர்வைப் பார்த்துவிட்டு ராஜினாமா கொடுப்பார்கள். அந்த இடங்களுக்கான விளம்பரங்கள் அடுத்த சில வாரங்களில் வெளியாகும். எனவே நவம்பர் மாதக் கணக்கைச் செப்டம்பரோடு ஒப்பிட்டுவிட்டு, சந்தை சூடுபிடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு நவம்பரோடு ஒப்பிடுங்கள். படிப்பு முடிந்ததும் தொழிற்பழகுநர் பயிற்சிக்குப் பதிவு செய்யவும் மகனிடம் சொல்லுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்தப் பயிற்சியைப் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தென்மாநிலங்களில் நடத்துவது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஓராண்டு ஒரு தொழிற்சாலைக்குள் நின்றவருக்குத் தெரிவது, ஆயிரம் விளம்பரம் படித்தவருக்கும் தெரியாது.

கேள்வி: பி.காம். முடித்து ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதிவந்தேன். குழந்தை பிறந்ததால் 2017 மார்ச்சில் வேலையை விட்டேன். இப்போது திரும்பப் போக விரும்புகிறேன். நேர்காணலில் அவர்கள் கேட்ட சொற்களே எனக்குப் புரியவில்லை. நான் விட்ட இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் இடையில் என்னதான் நடந்தது?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: நீங்கள் வேலையை விட்ட நான்காம் மாதம், 2017 ஜூலை 1 அன்று, ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன்பிருந்த வாட் என்ற விற்பனை வரியின் படிவங்களோடு நீங்கள் கற்றிருந்ததில் ஒரு பெரும்பகுதி அன்றோடு பழங்கதையானது. உங்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை. வேலையின் தினசரி ஒழுங்கு மாறிவிட்டது.

உங்கள் காலத்தில் பில்லை எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு, மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பீர்கள். இன்று ஓர் அச்சகத்தின் கணக்காளர், வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் நாட்காட்டி அனுப்ப வேண்டுமானால், லாரி வாசலில் நிற்கும்போதே, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டை அரசுத் தளத்தில் எடுத்தாக வேண்டும். இது 2018 ஏப்ரலில் வந்தது. அடுத்து வந்தது இ-இன்வாய்ஸ். மற்றொரு நிறுவனத்துக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்து, அதற்கான எண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் பெற்ற பிறகே அது செல்லத்தக்க பில்லாகும். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த இந்த விதி, 2021 ஜனவரியில் 100 கோடிக்கும், அந்த ஏப்ரலில் 50 கோடிக்கும், 2022 ஏப்ரலில் 20 கோடிக்கும், அக்டோபரில் 10 கோடிக்கும், 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கும் இறங்கியது.

இந்த எண்களை நான் வரிசையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. வேலைச் சந்தையின் மாற்றம் பல நேரங்களில் அரசிதழில்தான் தொடங்குகிறது. 500 கோடி என்றிருந்தபோது பெரிய நிறுவனங்கள் மட்டுமே இ-இன்வாய்ஸ் தெரிந்த ஆளைத் தேடின. வரம்பு 5 கோடிக்கு இறங்கியபோது, ஆறேழு கோடி விற்றுமுதல் உள்ள சிவகாசி அச்சகக்காரருக்கும் அதே ஆள் தேவைப்பட்டார். படிக்கட்டு ஒவ்வொன்றாக இறங்கியதைப் பார்த்திருந்த ஒருவருக்கு, அடுத்து எந்த அளவிலான கடைகளில் ஆள் கேட்பார்கள் என்பதை ஊகிக்கப் பல மாத அவகாசம் கிடைத்திருந்தது. கணக்குத் துறையில் இருக்கும் எவரும் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தின் முடிவுகளைச் சினிமாச் செய்திக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது கொடுத்துப் படிப்பது நல்லது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்யும் நிறுவனத்தில், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர் 1இல் ஏற்றுவது, 14ஆம் தேதி வரும் 2பி அறிக்கையை நம் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடுவது, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்டுவது என்பதே சுழற்சி. நேர்காணலில் உங்களைக் குழப்பிய சொற்கள் இவையாகத்தான் இருக்க வேண்டும். ‘2பி மேட்ச் பண்ணத் தெரியுமா?’ என்றால், நமக்குச் சரக்கு விற்றவர் தம் பில்லை அரசுத் தளத்தில் காட்டியிருக்கிறாரா என்று சரிபார்க்கத் தெரியுமா என்று பொருள். அவர் காட்டாவிட்டால், கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை நின்றுவிடும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியும் 2020 நவம்பரிலிருந்து டேலி பிரைம் என்று புதிய முகத்தோடு வருகிறது, ஆனால் உங்கள் கை அதை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம், அதாவது இரண்டு முழுச் சுழற்சிகள், குறைந்த சம்பளத்துக்கானாலும் உட்காருங்கள். மூவாயிரம் ரூபாய்ச் சான்றிதழ் வகுப்பைவிட அது மேல்.

கேள்வி: நாட்டில் வேலையின்மை மூன்று சதவீதம் என்று ஒரு செய்தி, ஐந்து சதவீதம் என்று இன்னொரு செய்தி. எங்கள் தெருவில் பட்டதாரி இளைஞர்கள் வீட்டுக்கு ஒருவர் சும்மா இருக்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: யாரும் பொய் சொல்லவில்லை, அளவுகோல் வேறு. 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புதான் இரண்டு எண்களுக்கும் மூலம். ஓராண்டில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள், இடையில் ஒரு மாதமாவது துணை வேலை ஏதும் பார்த்தீர்களா என்று கேட்டுக் கணக்கிடுவது ஒரு முறை. கடந்த ஏழு நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்பது மற்றொரு முறை. 2023–24ஆம் ஆண்டில் முதல் முறைப்படி வேலையின்மை 3.2 சதவீதம், இரண்டாம் முறைப்படி 4.9 சதவீதம். 2025 மே மாதத்திலிருந்து மாதந்தோறும் வெளியாகும் அறிக்கை இந்த ஏழு நாள் கணக்கையே பின்பற்றுகிறது.

அந்த ஏழு நாட்களில் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். அம்மாவின் இட்லிக் கடையில் காலையில் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் தெருப் பையனும், சம்பளமே வாங்காவிட்டாலும், குடும்பத் தொழிலில் உதவுபவர் என்ற முறையில் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். வேலையே தேடாமல் மனம் தளர்ந்து வீட்டில் இருப்பவர் இந்தக் கணக்கின் இரு பக்கத்திலும் வரமாட்டார். உங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு நெருக்கமான எண், 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை. முதல் முறைப்படியே அது 2023–24இல் 10.2 சதவீதமாக இருந்தது. தலைப்புச் செய்தியில் அனைத்து வயதினரின் எண் வரும்போது, இந்த வரியை அறிக்கைக்குள் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2018 முதல் மாதந்தோறும் தரும் புதிய சந்தாதாரர் எண்ணிக்கையும் செய்திகளில் ‘புதிய வேலைகள்’ என்று வருவதுண்டு. பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான் வைப்பு நிதி பொருந்தும். பதினெட்டுப் பேர் இருந்த பட்டறையில் இன்னும் இருவர் சேர்ந்தால் இருபது பேரும் புதிதாகக் கணக்கில் ஏறுவார்கள், ஆனால் அங்கே உருவான வேலை இரண்டுதான்.

கேள்வி: 2024 ஜனவரியில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் ஏறக்குறைய 27 லட்சம் பேருக்கு வேலை என்று படித்தேன். எங்கள் பகுதியிலேயே பல தொழிற்சாலைகள் வரப்போவதாகச் சொன்னார்கள். அதை நம்பி மகளை எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: டிப்ளமோவில் சேர்க்கலாம், காரணம் மட்டும் அந்த எண்ணாக இருக்க வேண்டாம். அந்த மாநாட்டில் கையெழுத்தானவை 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். 27 லட்சம் என்பதில் ஏறக்குறைய 12 லட்சம் மறைமுக வேலை. நேரடி வேலைகளும் பல ஆண்டுகளில், திட்டம் திட்டமாக வரவேண்டியவை. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கும், உங்கள் மகள் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவதற்கும் இடையில் நிலம், கட்டடம், இயந்திரம், சோதனை உற்பத்தி என்று பல கட்டங்கள் உண்டு. எனவே கையெழுத்துச் செய்தியைத் தேதியோடு குறித்துவைத்துவிட்டு, கட்டடம் எழும்புகிறதா, மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு விளம்பரம் வந்துவிட்டதா என்று பாருங்கள். உற்பத்தி தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இயந்திரங்களை நிறுவவும் பராமரிக்கவும் ஆள் எடுப்பார்கள். அந்த விளம்பரம் வந்தால் ஆலை உண்மையிலேயே வருகிறது என்று நம்பலாம்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கைபேசி பொருத்தும் வேலைக்குப் போனார்கள். வரி வழக்கில் சிக்கியிருந்ததால், நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே வளாகத்தைப் பின்லாந்தைச் சேர்ந்த சால்காம்ப் வாங்குவதாக 2019இல் அறிவிப்பு வந்தது. இப்போது அங்கே கைபேசி சார்ஜர்கள் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கானும், ஓசூர்ப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸும் ஐபோன் சார்ந்த வேலைகளில் இருக்கின்றன. ஆக, தொழில் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் 2014இல் வேலை இழந்த பெண்களில் எத்தனை பேர் அதற்குத் திரும்ப முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு வரிசையில் ஒரே ஒரு பாகத்தைப் பொருத்துவது.

மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்து, 2024 செப்டம்பரில் திரும்ப வர விரும்புவதாகக் கடிதம் கொடுத்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். உங்கள் மகள் டிப்ளமோவில் பழுது பார்ப்பது, சோதனைக் கருவிகளைக் கையாள்வது, இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி கருவிக்கு நிரல் எழுதுவது ஆகியவற்றைக் கற்றால், பெயர்ப்பலகை மாறினாலும் அவருக்கு வேலை இருக்கும். கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் அங்குள்ள ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகளின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

கேள்வி: ஐ.டி. துறையில் ஆறு ஆண்டுகளாக மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, வேலை போய்விடும் என்று தினம் ஒரு செய்தி. படிக்கப் படிக்கத் தூக்கம் வருவதில்லை. எதைப் படிப்பது, எதை விடுவது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தினச் செய்தியை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படியுங்கள். பட்டியலிடப்பட்ட பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தங்கள் முடிவுகளை வெளியிடும்போது, மொத்த ஊழியர் எண்ணிக்கையையும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் வேலையை விட்டு விலகியவர்களின் விகிதமான அட்ரிஷனையும் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன. லாபத்தைப் பங்கு வைத்திருப்பவர் பார்க்கட்டும். நீங்கள் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஓர் உதாரணம். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் இரண்டு சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது இடி விழுந்தது போலப் பேசினார்கள். ஆனால் 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலேயே அந்த நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்திருந்தது. 2004இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பிறகு ஓர் ஆண்டு முடிவில் எண்ணிக்கை குறைந்தது அதுவே முதல்முறை. அதே நிறுவனத்தின் அட்ரிஷன் 2022 செப்டம்பரில் 21.5 சதவீதமாக இருந்து, 2024 மார்ச்சில் 12.5க்கு இறங்கியிருந்தது. விலகுவோர் குறைகிறார்கள் என்பதை நல்ல செய்தியாகவே பத்திரிகைகள் எழுதும். வேலை தேடுகிறவருக்கோ அதன் பொருள் வேறு: வெளியே ஆஃபர் கிடைக்காததால் எவரும் நகரவில்லை, நகராததால் காலியிடம் உருவாகவில்லை. இந்த எண்களை அப்போதே பார்த்தவர்களுக்கு, ராஜினாமா கொடுத்த நோட்டீஸ் காலத்தில் வேறு ஆஃபரைக் காட்டிச் சம்பளப் பேரம் பேசும் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்திருக்கும்.

அடுத்து, உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2030க்குள் உலகில் 17 கோடி வேலைகள் புதிதாக வரும், 9.2 கோடி வேலைகள் மறையும் என்பது அதன் சாரம். பயம் காட்டுகிறவர் இரண்டாவது எண்ணை மட்டும் சொல்வார். வகுப்பு விற்கிறவர் முதல் எண்ணை மட்டும் சொல்வார். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெரிய முதலாளிகளிடம் ‘நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டுத் தொகுத்த விடைகளை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு அது. அவர்களுடைய எதிர்பார்ப்பை அறிந்துகொள்வதில் பயன் உண்டு, ஆனால் அதை நடக்கப்போகும் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் வேலையைப் பொறுத்தவரை, கையால் செய்யும் டெஸ்டிங் மட்டுமே தெரிந்தவர்களைக் கேட்கும் விளம்பரங்களையும், சோதனையை நிரல் எழுதித் தானாக நடத்தும் ஆட்டோமேஷன் கேட்கும் விளம்பரங்களையும் கோவைக்கும் சென்னைக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்துதரும் சேவை நிறுவனங்களோடு நிறுத்திவிடாமல், வெளிநாட்டு வங்கிகளும் மருந்து நிறுவனங்களும் இங்கே சொந்தமாக நடத்தும் மையங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நிதியாண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 1,700க்கு மேற்பட்ட அத்தகைய மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அவை அந்தத் துறையின் நடைமுறை தெரிந்த ஆளைக் கேட்கின்றன. ஆறு ஆண்டாக நீங்கள் சோதித்தது வங்கி மென்பொருளா, காப்பீட்டு மென்பொருளா? அதை விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வேலைச் செய்திகளைப் படிக்காதீர்கள். இது ஆலோசகராகச் சொல்வதன்று, உங்களைப் போலத் தூக்கம் கெட்டவனாகச் சொல்வது.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு நான்காண்டுகளாகப் படிக்கிறேன். தனியார் வேலைச் சந்தையைக் கவனிப்பது எனக்குத் தேவையா?
– ஒரு வாசகி, அரியலூர்

பதில்: தேவை. 2022 மார்ச்சில் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். பின்னர் இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டின. தேர்வு ஜூலையில் நடந்தது, முடிவு அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்தது. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையிலான அந்த ஓராண்டில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பதே கேள்வி. தேர்வாணையத்தின் ஆண்டுத் திட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிவையுங்கள். தேர்வு முடிந்த மறுநாளே ஏதாவது ஒரு வேலைக்குப் போங்கள். வயது வரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், தங்குமிடம் இலவசம் என்று என் தம்பிக்கு வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்திருக்கிறது. நேர்காணலும் வீடியோவில் முடிந்துவிட்டது. விசா அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, இராமநாதபுரம்

பதில்: அனுப்பாதீர்கள். இந்த வேலைவாய்ப்புச் செய்தியின் அமைப்பு அப்படியே 2022இல் வந்தவற்றை ஒத்திருக்கிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று கணினி தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லையைக் கடத்தி மியான்மரின் மியாவடி பகுதியில் அடைத்து, இணைய மோசடி செய்யவைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டவர்களும் இருந்தார்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளிலேயே அடையாளங்கள் இருக்கின்றன. டேட்டா என்ட்ரிக்கு இங்கே கிடைப்பதைப் போலப் பல மடங்கு சம்பளம். முதலாளியின் முகவரி இல்லை. அங்கே போய் எடுக்கும் விசா பெரும்பாலும் சுற்றுலா விசாதான்; அதில் போய் வேலை பார்ப்பது சட்டப்படி செல்லாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சங்களில் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். தம்பிக்கு வெளிநாட்டு ஆசை உண்மையாகவே இருந்தால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அங்கே பதிவு செய்யட்டும். அந்த ஆட்களிடம் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பணம் போன முதல் சில மணி நேரங்களில் சொன்னால்தான் அதை வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.